பூட்டியவர் எழுதிய பலகை

தச்சநல்லூருக்கு வடக்கே, புறவழிச் சாலையிலிருந்து வாய்க்கால் பாதைக்குத் திரும்பும் முனையில், கிருபைராஜ் நடத்தும் கால்பந்து அகாடமி இருக்கிறது. சுற்றிலும் பச்சை வலை. தரையில் செயற்கைப் புல். நான்கு மூலைகளிலும் விளக்குக் கம்பங்கள். உள்ளே நுழைந்ததும் இடக்கைப் பக்கம் அலுவலக அறை. அந்த அறையின் வாசலில், வருபவர் எவரும் பார்க்காமல் கடந்து போக முடியாத உயரத்தில், ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் காற்று பாதி இறங்கிய ஒரு பந்து. பந்தின் மேல் பல மொழிகளில் கையெழுத்துகள். பெட்டிக்குக் கீழே பொன்னிற எழுத்தில் ஒரு பலகை:

'எங்கள் அகாடமியின் முதற்பலன். செல்வி டெபோரா அப்பாத்துரை, தேசிய லீக் ஃபார்வர்டு.'

சென்ற தை மாதத்தில் ஒரு நாள் காலை, அந்தச் செல்வி டெபோரா அப்பாத்துரையே அந்தப் பலகையின் முன் நின்றுகொண்டிருந்தாள். ஓர் உதவி கேட்பதற்காக அங்கே வந்தவள். பலகையை ஒரு முறை வாசித்தாள். நம்பாமல் மறுபடி வாசித்தாள். இரண்டாம் முறை வாசித்து முடித்தபோது, வலது முழங்காலில், அறுவைத் தழும்புக்குச் சற்றுக் கீழே, நரம்பு ஒன்று துடிக்கத் தொடங்கியது.

அகாடமிக்கு வயது இரண்டு. பந்துக்கு வயது எட்டு. மரம் நடுவதற்கு ஆறு ஆண்டுக்கு முன்பே பழம் பறித்துவிட்ட மனிதரை அவள் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

வேறு யாராவது இப்படி எழுதி வைத்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். எழுதியவர் கிருபைராஜ். பதினைந்து வயதில் அவளைப் பந்தும் கையுமாக மைதானத்துக்கு வெளியே நிறுத்தி, வாசலைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனவர் அதே கிருபைராஜ்தான்.

அந்தப் பூட்டு விழுந்தது 2009இல். ஊர்க் கிறிஸ்தவர்கள் கோயில் என்றே சொல்லும் தேவாலயத்துக்குப் பின்னால், சபைகளின் வட்டாரமான சேகரத்துக்குச் சொந்தமான மைதானம் ஒன்று இருந்தது. சபையின் விளையாட்டுக் கமிட்டிக்கு அப்போது செயலாளர் கிருபைராஜ். சிமெண்டும் கம்பியும் விற்கும் பெரிய கடைக்காரர். பையன்கள் ஆடி முடித்துப் போன பிறகு, டெபோராவும் அவள் வகுப்புப் பெண்கள் நான்கு பேரும் அங்கே பந்து உதைப்பார்கள். அவளுடைய தந்தை அப்பாத்துரை, மிஷன் தொடக்கப் பள்ளி ஆசிரியர், அவளுடைய ஒன்பதாம் வயதிலேயே இறந்துவிட்டார். தாய் சாரம்மாள் பள்ளிச் சீருடை தைத்துக் குடும்பத்தை நடத்தினாள்.

"ஏளா, அரைக்கால் சட்டையப் போட்டுக்கிட்டு கோயில் வளாகத்துல என்ன ஆட்டம்? பெரியவங்க வந்து போற இடம்லா இது?" என்று கேட்டு, கிருபைராஜ் முதல் நாள் வாசலை அடைத்தார்.

சாரம்மாள் வாதாடவில்லை. இரண்டே நாளில் ஐந்து கால்சட்டைகள் தைத்தாள். ஒவ்வொன்றும் முழங்காலுக்குக் கீழே நான்கு விரற்கடை இறங்கும். பெண்கள் அவற்றைப் போட்டுக்கொண்டு போனார்கள். வாசல் பூட்டியே இருந்தது. பாடகர் குழுவின் ஒத்திகைக்குச் சத்தம் இடைஞ்சல் என்றார்கள். ஒத்திகை மாலையில்தானே என்று பெண்கள் காலையில் போனார்கள். காலைப் பனியில் மிதித்தால் புல் அழுகிப் போகும், பையன்களின் ஆட்டம் கெடும் என்றார்கள். காரணம் மூன்று முறை மாறியது. பூட்டு ஒரு முறையும் மாறவில்லை.

அதற்குப் பிறகுதான் அவர்கள் பூதலிங்கத்தின் வயலுக்குப் போனார்கள். மாசியில் பிசானப் பருவ நெல் அறுவடை முடிந்தால், கார்ப் பருவ நடவுக்கு வாய்க்காலில் தண்ணீர் வரும்வரை அந்த வயல் காய்ந்து கிடக்கும். பூதலிங்கம் வைக்கோல் கட்டிக்கொண்டிருந்தார். ஐந்து பெண்கள் பந்தோடு வந்து தயங்கி நிற்பதைப் பார்த்து, தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "வெளையாடுங்க. வரப்ப மட்டும் மிதிச்சு ஒடச்சிராதிய."

அவர் போட்ட நிபந்தனை அது ஒன்றுதான்.

அறுத்த நெல்லின் அடிக்கட்டை குத்தும். வெறுங்காலில் ஆடினால் கணுக்காலில் ரத்தம் கோடு கோடாக இறங்கும். பந்தை உருட்டிக்கொண்டு போகவே முடியாது. ஒவ்வோர் அடிக்கட்டையிலும் மோதி அது தன் இஷ்டத்துக்குத் திரும்பும். ஆகவே, வருகிற பந்தை நிறுத்தாமல், தரையில் இன்னொரு முறை படவிடாமல், ஒரே தொடுகையில் அடிக்க டெபோரா பழகினாள். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அந்தத் தரையில் வேறு விதமாக ஆட வழியில்லை. வருடத்தில் மூன்றரை மாதம் வயல். மிச்ச மாதங்கள் தெருவும் சுவரும். பதினேழாம் வயதில் பாளையங்கோட்டையில் நடந்த மாவட்டத் தேர்வில், தேர்வாளர் அவளைத் தனியே அழைத்து, "பந்த நிறுத்தவே மாட்டியாம்மா நீ?" என்று கேட்டார். "நிறுத்துனா அது வேற பக்கம் போயிரும் சார்" என்றாள். கச்சிதமாக வெட்டிய புல்தரையில் பந்து ஏன் வேறு பக்கம் போகும் என்பது அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் பெயரை எழுதிக்கொண்டார்.

மாவட்டம், பல்கலைக்கழகம், மாநிலம் என்று வளர்ந்து, இருபத்து மூன்றாம் வயதில் நாட்டின் கிழக்குக் கரையிலிருந்த ஒரு தொழில்முறை அணிக்காக ஆடச் சென்றாள். வருடத்தில் ஐந்து மாத ஒப்பந்தம். எஞ்சிய ஏழு மாதமும் தன் உடம்பைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். ஃபார்வர்டாக முன்னணியில் ஆடுபவர் பாடு விசித்திரமானது. எண்பத்தொன்பது நிமிடம் அவர் ஓடியது ஒருவர் கண்ணிலும் படாது. ஒரு நிமிடம் பந்து காலுக்கு வரும். அந்த ஒரு நிமிடத்தை வைத்து ஆயுள் முழுவதற்கும் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு நிமிடத்தை வீணாக்காதவள் என்று பெயரெடுத்தாள் டெபோரா.

முதல் பருவத்தின் ஆறாவது ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தாள். அரங்கில் இருநூறு பேர் இருந்திருக்கலாம். அவர்களிலும் பாதிப் பேர் அடுத்த ஆட்டத்துக்காகக் காத்திருந்தவர்கள். ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தவருக்கு அந்த ஆட்டத்தின் பந்தையே கொடுத்துவிடுவது கால்பந்தில் வழக்கம். தோழிகள் அனைவரும் அதில் கையெழுத்திட்டார்கள்: மணிப்புரியில், ஒடியாவில், வங்காளத்தில், மலையாளத்தில். அவள் அதைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து வீட்டுக்கு அனுப்பினாள். "பத்திரமா வைம்மா" என்று தொலைபேசியில் சொல்லவும் செய்தாள்.

சாரம்மாள் பத்திரமாகத்தான் வைத்தாள். முதலில் காய்த்த முருங்கை, கோழியின் முதல் முட்டை, தையல் மெஷினில் சம்பாதித்த முதல் கூலி, எதையும் அவள் வீட்டுக்கு வைத்துக்கொண்டதில்லை. விளைச்சலில் முதலாவது கர்த்தருக்கு. மகளின் காலில் விளைந்த முதல் பலன் இது. கர்த்தருடைய சந்நிதியைவிடப் பத்திரமான இடம் ஏது? விளைச்சலைக் கோயிலில் காணிக்கையாக வைக்கும் அறுப்பின் பண்டிகை அடுத்த ஞாயிறே வந்தது.

"பந்து வந்துச்சாம்மா?"

"வந்துச்சு மக்ளே. பண்டிகையில வச்சுட்டேன்."

"எங்க வச்ச?"

"ஆல்டர் மேடையிலதான். பெரிய பூசணிக்காய்க்கும் சபாபதி வீட்டுச் சேவலுக்கும் நடுவுல. பாதிரி ஐயர் உம் பேரச் சொல்லி ஜெபிச்சாரு, எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாத்தாங்க. ஏலத்துலயும் நல்லாப் போச்சு."

"ஏலத்துலயா?"

"காணிக்கைப் பொருள்னா ஏலம் போடாம? கிருபைராஜ் அண்ணாச்சிதான் எடுத்தாரு. ஏட்டி, என்ன பேசமாட்டேங்க?"

"சிக்னல் இல்லம்மா."

சிக்னல் நன்றாகவே இருந்தது.

கிருபைராஜ் பந்துக்காக அதை எடுக்கவில்லை. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் அவர் எதை எடுக்காமல் விட்டிருக்கிறார்? ஒற்றை எலுமிச்சம்பழத்தைக் கூட, மைக்கில் தம் பெயர் ஏழெட்டு முறை ஒலிக்கும்வரை விடமாட்டார். அவரிடம் மெச்சத்தக்க குணம் ஒன்றும் இருந்தது: மைக் முன்னால் கூப்பிட்ட ஏலக் கேள்வியிலிருந்து பின்வாங்கியதில்லை. "கூப்பிட்டது கூப்பிட்டதுதான்" என்பார். பந்து ஆறு வருடம் அவருடைய சிமெண்டுக் கிடங்கில் கிடந்தது. டெபோரா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அம்மாவின் காணிக்கையை அவமதித்ததாகும்.

ஏழு பருவங்கள் ஆடினாள், நாற்பத்தொரு கோல். தேசிய அணியின் பயிற்சி முகாமுக்கு ஒரு முறை அழைப்பு வந்தது. இறுதிப் பட்டியலை அறைக் கதவில் ஒட்டியபோது, தன் பெயரைத் தேடி அதை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் பார்த்தாள். 2021இல் வலது முழங்கால் தசைநார் கிழிந்தது. தைத்துக்கொண்டு திரும்பினாள். இரண்டு ஆண்டுக்குப் பின் அதே இடத்தில் மறுபடி கிழிந்தது. அவள் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபோது அணியிலிருந்து செல்பேசியில் செய்தி வந்தது: பங்களிப்புக்கு நன்றி, எதிர்காலத்துக்கு வாழ்த்துகள், கூப்பிய கைகளின் படம் ஒன்று. ஏழு வருடத்துக்கு இரண்டு வரி. நேரில் வந்து சொல்ல ஓர் ஆள் கிடைக்கவில்லை.

ஊருக்குத் திரும்பி, ஒரு தனியார் பள்ளியில் தற்காலிக உடற்கல்வி ஆசிரியை ஆனாள். காலை வேளையில் பதினான்கு பெண்பிள்ளைகளுக்குப் பந்து பழக்கினாள். பழக்க இடம்? சேகரத்து மைதானத்தில் இப்போது கல்யாண மண்டபம் எழுந்திருந்தது. மிச்ச இடத்தில் கார் நிறுத்துவதற்காகச் சிமெண்டுக் கல் பதித்திருந்தார்கள். பெண்களுக்குத் திறக்காத வாசல் கார்களுக்கு இருபத்து நான்கு மணி நேரமும் திறந்து கிடந்தது. கல்யாணம் இல்லாத நாட்களில் பிள்ளைகள் அந்தக் கல்லின் மேல் ஓடினார்கள். மார்கழியில் டார்லின் என்ற பதின்மூன்று வயதுப் பெண் வழுக்கி விழுந்ததில், முழங்காலில் எலும்பு வெளுப்பாகத் தெரியும் அளவுக்குத் தோல் உரிந்துபோயிற்று. டெபோராதான் அந்த முழங்காலைத் தன் மடியில் வைத்துத் துடைத்தாள். சித்திரையில் மாவட்டப் போட்டி. அதற்குள் பிள்ளைகளுக்கு நல்ல தரை வேண்டும். அதைக் கேட்கத்தான் அன்று அகாடமிக்கு வந்தாள், பலகையைப் பார்த்தாள்.

"வா, வா! நம்ம ஊரு சிங்கம்லா! கால் எப்பிடி இருக்கு? ஏலே, டெபோராக்கு ஒரு காப்பி சொல்லு!" என்று கிருபைராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அண்ணாச்சி, காலையில ஒரு மணி நேரம் இடம் வேணும். அஞ்சரையிலருந்து ஆறர வர. பதினாலு பிள்ளைங்க. அந்நேரம் இங்க யாரும் வாரதில்ல."

"தாராளமா! பிள்ளைகளுக்குன்னா இல்லம்பேனா? வார மாசம் பதினாறு நம்ம ரெண்டாம் ஆண்டு விழா. மேடையில ஏறி ஒரு வார்த்த சொல்லிரு, அம்புட்டுத்தான்."

"என்ன வார்த்த?"

"நீ இங்கன உருவானவன்னு."

"நான் வெளையாடும்போது இங்க அகாடமியே இல்லையே அண்ணாச்சி."

"அகாடமி இல்ல. மண்ணு இருந்துச்சுல்லா? இது யாரு வயலு? பூதலிங்கம் வயலு. நீ வெளையாடுனது எங்கன? பூதலிங்கம் வயல்ல. அத நான் கிரயம் பண்ணிட்டேன். மண்ண வாங்குனா அதுல வெளஞ்சதும் நமக்குத்தான? இதுல பொய் எங்கன இருக்கு, சொல்லு."

டெபோரா காப்பியைத் தொடவில்லை. "நான் ஏன் வயலுக்குப் போனேன்னு ஞாபகம் இருக்கா?"

"ஏன் போன?"

அவர் உண்மையாகவே கேட்டார். முகத்தில் கள்ளம் இல்லை.

"சேகரத்து மைதானத்த நீங்க பூட்டுனீங்க."

"நானா?" கிருபைராஜ் மேசைமேல் கையை விரித்தார். சற்று யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது. "எட்டி, அது கமிட்டித் தீர்மானம்லா!"

இத்தனை வருடமாக டெபோரா அந்த மனிதரிடம் மனத்துக்குள் வழக்காடியிருக்கிறாள். ஒவ்வொரு கோலுக்குப் பின்னும், 'பாத்தீங்களா அண்ணாச்சி' என்று உள்ளே ஒரு குரல் சொல்லியிருக்கிறது. எதிர்க்கட்சிக்காரருக்கோ வழக்கே நினைவில்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கி, மறந்தும் போய்விட்டார். அடித்தவனுக்கு மறதியும் பட்டவளுக்கு நினைவும் என்று எவன் பங்கு பிரித்தான்?

வெளியே வந்தபோது, காக்கிச் சட்டை போட்ட ஒருவர் செயற்கைப் புல்லின் மேல் சிதறிய ரப்பர்த் துகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். பூதலிங்கம். நிலத்தை விற்றவர், அதே நிலத்துக்குக் காவலாளி.

"என்ன தேடுத? வரப்பா?" என்று சிரித்தார் அவர். "அந்தா, கோல் போஸ்டு நிக்கில்லா, அங்கனதான் இருந்துச்சு. நீங்க ஒடைக்காம வச்சிருந்தத புல்டோசர் வந்து ஒரே மட்டமா ஆக்கிட்டு."

வீட்டில் சாரம்மாளின் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. டெபோரா நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் அது நின்றது.

"முதற்பலன்னா எழுதியிருக்காரு?"

"ஆமா."

"அது கர்த்தருக்குச் சொன்ன வார்த்தையில்லா? கடைக்கு எப்பிடி எழுதலாம்?" சாரம்மாள் துணியை விலக்கிவிட்டு மகளைப் பார்த்தாள். எட்டு வருடமாகக் கேட்காத கேள்வியை அப்போது கேட்டாள். "நான் குடுத்தது தப்பாட்டி?"

டெபோராவிடம் எட்டு வருடமாக ஒரு பதில் தயாராக இருந்தது. அதை விழுங்கினாள். "குடுத்தது தப்பில்லம்மா. வாங்குனவரு சரியில்ல."

"அப்ப நீ அந்த மேடைக்குப் போகாத."

"பிள்ளைங்க கல்லு மேல ஓடுதும்மா. டார்லின் முழங்கால நீ பாக்கலையே."

சாரம்மாள் மகளின் முழங்காலைப் பார்த்தாள். மெஷினை மறுபடி மிதித்தாள்.

விழா நாளன்று பந்தலில் முந்நூறு பேர் இருந்தார்கள். பதினான்கு பிள்ளைகளுக்கும் அகாடமியின் பெயர் போட்ட பனியனைக் கொடுத்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். கிருபைராஜ் மைக்கைப் பிடித்து, தம் தொலைநோக்கைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார்; முடிவில், "ஏழைப் பெண்பிள்ளைகளுக்கு நாளை முதல் தினமும் காலை ஒரு மணி நேரம், ஆயுசுக்கும் இலவசம்!" என்று அறிவித்தார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பிறகு டெபோராவை அழைத்தார்கள்.

அவள் ஒரு வாரமாக வார்த்தைகளைத் தேர்ந்து வைத்திருந்தாள். பொய்யும் சொல்லக்கூடாது, பிள்ளைகளின் இடமும் போய்விடக்கூடாது.

"கிருபைராஜ் அண்ணாச்சி இல்லேன்னா நான் இந்த மண்ணுக்கு வந்திருக்கவே மாட்டேன்" என்று தொடங்கினாள். "ஏன்னா, 2009ல சேகரத்து மைதானத்த அவங்க பூட்டுனாங்க. எங்கம்மா அஞ்சு கால்சட்டை தச்சுக் குடுத்தும் தெறக்கல. அதனாலதான் நாங்க பூதலிங்கம் அண்ணாச்சி வயலுக்கு வந்தோம். அதோ, கதவுகிட்ட காவலுக்கு நிக்காங்களே, அவங்க வயலு இது. வெளையாடுங்கன்னு சொன்னது அவங்க."

கூட்டம் சிரித்தது. விழா மேடையில் ஒரு வேடிக்கை என்று எடுத்துக்கொண்டது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவர் கிருபைராஜ். சால்வையும் போர்த்தினார். கதவருகே பூதலிங்கம் மட்டும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்காமல் நின்றார்.

இரண்டு நாள் கழித்துப் பயிற்சி முடிந்ததும் டார்லின் செல்பேசியை நீட்டினாள். அகாடமி வெளியிட்ட ஒரு நிமிட விளம்பரம். பின்னணியில் இசை. டெபோரா மேடையில் நிற்கிறாள். 'கிருபைராஜ் அண்ணாச்சி இல்லேன்னா நான் இந்த மண்ணுக்கு வந்திருக்கவே மாட்டேன்.' கைதட்டல். கண்ணாடிப் பெட்டியும் பந்தும். சேர்க்கைக்குத் தொலைபேசி எண்.

"அக்கா, நீங்க இன்னும் பேசுனீங்கல்லா? மிச்சத்த எங்க?"

டெபோரா அதை மறுபடியும் ஓட்டிப் பார்த்தாள். மிச்சம் எங்கும் இல்லை.

அந்த வாரம் முழுவதும், துணி தைக்கக் கொடுக்க வந்தவர்கள் சாரம்மாளைப் பாராட்டினார்கள். "ஒம் மக நன்றி மறக்காதவ. அண்ணாச்சியப் பத்தி எவ்வளவு அழகாச் சொன்னா!" சாரம்மாள் அளவு நாடாவைப் பல்லில் கடித்துக்கொண்டு அடுத்த துணியை மடித்தாள்.

டெபோராவுக்குக் கிருபைராஜ் மேலிருந்த கோபத்தில் பாதி தன் மேலேயே திரும்பியது. கோலுக்கு நேர் எதிரே, கோல்கீப்பர் மட்டும் நிற்கையில், பந்தை அடிக்காமல் பக்கவாட்டில் தட்டிவிடுகிறவளை அவள் ஒருநாளும் மதித்ததில்லை. மேடையில் தான் செய்தது அதுதான். நேரே சொல்ல வேண்டியதைச் சுற்றி வளைத்து, கேலியில் பொதிந்து கொடுத்தாள். கேலியின் உறையை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே இருந்ததை வெட்டி எறிந்துவிட்டார்கள். வெட்டுவதற்கு வாகான இடத்தை அமைத்துக் கொடுத்தவள் அவளேதான்.

மறுநாள் ஆறரை மணிக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு அவள் வீட்டுக்குப் போகவில்லை. கண்ணாடிப் பெட்டியின் பக்கத்தில் போய் நின்றாள். கட்டணம் கட்டும் பிள்ளைகளோடு பெற்றோர் வரத் தொடங்கும் நேரம். ஒரு தந்தை அவளை அடையாளம் கண்டு, மகனோடு சேர்த்துப் படம் எடுக்க வந்தார்.

"எடுங்க. அதுக்கு முன்னால இந்தப் பலகையப் பாருங்க. அகாடமி தொடங்கி ரெண்டு வருஷம். இந்தப் பந்துக்கு எட்டு வருஷம். நான் இங்க படிக்கல. மைதானத்தப் பூட்டி என்னை வெளிய நிறுத்தினவருதான் இதத் தொடங்கினவரு" என்றாள். குரலை உயர்த்தவில்லை, சிரிக்கவும் இல்லை. அவர் படம் எடுக்க மறந்து அலுவலகத்துக்குள் போனார். உள்ளே ஏதோ கேட்டார் என்பது கண்ணாடிக் கதவு வழியே தெரிந்தது.

அடுத்த நாளும் நின்றாள். அதற்கடுத்த நாளும். தினமும் நான்கைந்து பேர். அதே வாக்கியங்கள், ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. நான்காம் நாள் கிருபைராஜே வந்துவிட்டார். காரை நிறுத்திய வேகத்தில் தூசி பறந்தது.

"என்னட்டி செய்யுத நீ? எங்கிட்ட இடத்த வாங்கிக்கிட்டு எம் பொழப்புலயே மண்ணள்ளிப் போடுத?"

"பொய் ஏதும் சொன்னேனா அண்ணாச்சி?"

"ஆயிரம் பேரு உண்மைய ஆயிரம் இடத்துல சொல்லட்டும். என் வாசல்ல நின்னு சொல்லக்கூடாது. நாளையிலருந்து ஒம் பிள்ளைங்க இங்க வரவேண்டாம். பூதலிங்கம்! காலையில கேட்டத் தொறக்காத, கேட்டியா?"

பூதலிங்கம் சாவிக்கொத்தோடு அங்கேயே நின்றார்.

பதினான்கு பிள்ளைகளும் அந்தச் சிமெண்டுக் கல்லும் டெபோராவின் கண்முன் வந்தன. ஒரு கணம், ஒரே கணம், மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்றுகூட நினைத்தாள். அந்தக் கணம் பந்து காலருகே வந்ததுபோல் இருந்தது. நிறுத்தினால் வேறு பக்கம் போய்விடும்.

"அண்ணாச்சி, அறுப்பின் பண்டிகை ஏலத்துல நீங்க கூப்பிட்டதுல ஒண்ணையாவது திருப்பி வாங்கியிருக்கீங்களா?"

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"ஆயுசுக்கும்னு முந்நூறு பேருக்கு முன்னால மைக்குல கூப்பிட்டீங்க. வார ஞாயித்துக்கிழம பண்டிகை. ஏலத்துக்கு நீங்களும் வருவீங்க, நானும் வருவேன். நீங்க முத கேள்வி கேக்கும்போது, பிள்ளைகளுக்குக் கூப்பிட்டது என்னாச்சுன்னு நான் எந்திரிச்சுக் கேப்பேன். இதுவும் கமிட்டித் தீர்மானம்னு சொல்லிருவீங்களா?"

சுற்றி ஏழெட்டுப் பெற்றோர் நின்றிருந்தார்கள். அவர்களில் இருவர் சபைக்காரர்கள். கிருபைராஜ் பலகையைப் பார்த்தார், பிறகு பூதலிங்கத்தைப் பார்த்தார். "பிள்ளைங்க வரட்டும்வே. அவங்க என்ன செஞ்சாங்க" என்று யாருக்கோ சொல்வதுபோல் சொல்லிவிட்டுக் காருக்குத் திரும்பினார். மன்னிப்பு என்ற ஒரு சொல் அன்றும் வரவில்லை. அதற்குப் பின்னும் வரவில்லை.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்குப் பூதலிங்கம் கேட்டைத் திறந்தார். விளக்கு எதையும் போடவில்லை, போடக்கூடாதென்று உத்தரவாம். பிள்ளைகள் விடிகிற வெளிச்சத்தில் ஆடினார்கள். பயிற்சி முடிந்து டெபோரா பெட்டிப் பக்கம் போனாள். பலகை இல்லை. அது இருந்த இடத்தில் திருகாணி போட்ட நான்கு துளைகள் மட்டும் சுவரில் இருந்தன. பந்து பெட்டிக்குள் அப்படியே இருந்தது, பெயரும் ஊரும் இல்லாமல். பொய்யை எடுத்தவர் அந்த இடத்தில் உண்மையை வைக்கவில்லை. இனி அது யாருடைய பந்தாகவும் இருக்கலாம்.

பெருமாள்புரத்தில் குடியிருக்கும் வங்கி அதிகாரி சுப்ரியா, தன் மகளைச் சேர்க்க அன்றுதான் முதல் முறையாக வந்திருந்தார். கல்லிடைக்குறிச்சிக்காரர், சபையும் ஏலமும் பூட்டும் அவருக்குத் தெரியாது. பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, பக்கத்தில் வியர்வையோடு நின்றவளிடம் கேட்டார்: "எத்தனை கையெழுத்து! இது யாரோட பந்துங்க?"

"என் பந்து" என்றாள் டெபோரா.

எட்டு வருடத்தில் அந்த இரண்டு சொற்களை அவள் வாய் சொன்னது அதுவே முதல் முறை.

"உங்களோடதா? அப்போ நீங்க இந்த அகாடமியில..."

"இல்ல. முழுசாச் சொல்லுதேன். கொஞ்சம் நேரமாகும். நடுவுல வெட்டாமக் கேக்கணும்."

சுப்ரியா கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, மகளையும் இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

"சேகரத்து மைதானத்துக்கு ஒரு இரும்புக் கேட்டு இருந்துச்சு" என்று டெபோரா ஆரம்பித்தாள்.